ஒரு வியாழன் இரவும் எழுநூறு சொற்களும்



மதரஸாவில் அரபி இலக்கணமும் ஃபிக்ஹும் கற்பிக்கும் ஒருவன் ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுத முன்வருவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் ஆங்கிலப் புலமை உடையவன் அல்லன். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பின்னர் ஏழாண்டுகள் அரபிக் கல்லூரியில் ஓதி, அதன் பிறகு இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவன். ஆங்கிலம் எனக்கு ஒரு தேர்வுத் தாளாக வந்து, தேர்வு முடிந்ததும் போய்விட்ட மொழி. நாற்பது வயதைக் கடந்த பின்னர் அதை ஏன் மீண்டும் தேடிப் போனேன் என்பதையும், போன வழியில் நான் செய்த பிழைகளையும், இறுதியில் பயன் தந்த முறையையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம் பிள்ளைகளுக்கும், நம்மில் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கும் இது ஓரளவேனும் உதவும் என்று எண்ணுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்குச் சில வாரங்களாக வயிற்றில் வலி இருந்தது. மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். அஸருக்குப் பின் ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையை ஓர் உறையில் இட்டுத் தந்து, "டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார்கள். மருத்துவரோ வெளியூர் சென்றிருந்தார். சனிக்கிழமை காலைதான் அவரைப் பார்க்க முடியும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுப்பா."

எங்கள் தெருவில் வங்கிக் கடிதம் வந்தாலும் மின்வாரியக் கடிதம் வந்தாலும் "ஹஜ்ரத்கிட்ட காட்டுங்க" என்பார்கள். ஓதிப் படித்தவருக்கு எல்லாம் தெரியும் என்பது எளிய மக்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் மறுத்ததும் இல்லை. அன்றும் மறுக்கவில்லை. உறையைப் பிரித்தேன்.

கல்லீரல், கணையம், மண்ணீரல், சிறுநீரகம் என உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நேரே ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: 'அன்ரிமார்க்கபிள்'. அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஆனால் ஸர்ஃப் கற்பிப்பவன் அல்லவா? சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். 'ரிமார்க்' என்றால் கருத்து. 'ஏபிள்' என்றால் இயலும். 'அன்' என்றால் இல்லை. கருத்துச் சொல்ல இயலாதது! எல்லா உறுப்புகளைப் பற்றியும் கருத்துச் சொல்ல இயலாத நிலை என்று எழுதியிருக்கிறார்களே என்று என் நெஞ்சு பதறியது. அதற்கும் மேலாகப் பித்தப்பைக்கு நேரே 'கால்குலஸ்' என்று ஒரு சொல். பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் எட்டிப் பார்த்து, "அத்தா, இது எங்க கணக்குப் புத்தகத்துல இருக்கிற பாடமாச்சே!" என்றாள். அவளுக்கும் விளங்கவில்லை.

நான் அம்மாவிடம், "ஒன்றும் பயமில்லை, டாக்டர் வந்து சொல்லுவார்" என்றேன். என் முகம் வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா அன்றிரவு உறங்கவில்லை. தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது அவர் கட்டிலில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை என் தங்கையை அழைத்து, தம் நகைகளை யாருக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

சனிக்கிழமை மருத்துவர் அறிக்கையை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "பித்தப்பையில் ஒரு கல் இருக்கிறது. மற்ற எல்லாம் நன்றாக இருக்கின்றன" என்றார். 'கால்குலஸ்' என்பது கல். 'அன்ரிமார்க்கபிள்' என்பது, குறிப்பிட்டுச் சொல்லும்படி எந்தக் கோளாறும் இல்லை, இயல்பாக இருக்கிறது என்று பொருள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வெளியே வந்தேன். ஆனால் என் மனம் நிம்மதி அடையவில்லை. ஒரு நற்செய்தியைத் தீய செய்தியாக வாசித்து, என்னைப் பெற்றவரை ஓர் இரவும் ஒரு பகலும் மரணத்தைப் பற்றி எண்ண வைத்துவிட்டேன்.

எனக்கு அந்தச் சொல் தெரியாமல் இருந்தது குற்றமன்று. தெரியாது என்று சொல்லாமல் இருந்ததுதான் குற்றம். மார்க்கக் கேள்விகளில் 'லா அத்ரீ', எனக்குத் தெரியாது, என்று சொல்ல இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தயங்கியதில்லை என்பதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் எடுத்துச் சொல்பவன் நான். ஓர் ஆங்கிலத் தாளைக் கையில் பிடித்தபோது அந்த இரு சொற்கள் என் வாயிலிருந்து வரவில்லை.

அன்றுதான் ஆங்கிலச் சொற்களை முறையாகக் கற்பது என்று நிய்யத் செய்தேன்.

தொடக்கம் தோல்வியாகவே அமைந்தது. நாளுக்கு இருபது சொற்கள் என்று தடித்த ஒரு பட்டியல் புத்தகத்தை வாங்கினேன். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். சுப்ஹுக்குப் பின் அமர்ந்து மனனம் செய்தேன். இரண்டு வாரங்களில் முந்நூறு சொற்கள் 'தெரிந்துவிட்டன'. அந்தத் துணிவில், மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி கேட்டு ஒரு கல்லூரிக்கு ஆங்கிலத்தில் நானே கடிதம் எழுதினேன். எங்கள் மதரஸா அறுபது ஆண்டுகளாக இவ்வூரில் பெயர்பெற்றது என்று எழுத வேண்டும். பட்டியலில் 'பெயர்பெற்ற' என்பதற்கு நேரே இருந்த 'நொடோரியஸ்' என்ற சொல்லை எடுத்துப் போட்டேன். கடிதத்தைப் படித்த பேராசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஹஜ்ரத், இந்தச் சொல்லைத் திருடர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும்தான் சொல்வார்கள். கெட்ட காரியத்தால் பெயர்பெற்றவர் என்று பொருள்" என்றார். 'ஃபேமஸ்' என்றோ 'ரினௌன்ட்' என்றோ எழுதியிருக்க வேண்டும். பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருந்தது.

அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பேருந்தில் வரும்போதுதான் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அரபிச் சொற்களை என் உஸ்தாத் எனக்கு இப்படியா கற்பித்தார்? ஒருபோதும் இல்லை. ஒரு வினைச்சொல் வந்தால் அதன் இறந்தகாலம், நிகழ்காலம், மஸ்தர், எந்த இடைச்சொல்லோடு வரும் என அனைத்தையும் கேட்பார். பெயர்ச்சொல் வந்தால் பன்மையைக் கேட்பார். இறுதியில், "வாக்கியத்தில் வைத்துச் சொல்" என்பார். வாக்கியம் சொல்லாதவனுக்கு அந்தச் சொல் தெரியாது என்பதே அவருடைய தீர்ப்பு.

நம் முன்னோர்களின் அகராதிக் கலையும் இவ்வாறே அமைந்தது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் 'கிதாபுல் ஐன்' என்னும் அகராதியைத் தொடங்கியபோது, தொண்டையின் ஆழத்திலிருந்து பிறக்கும் 'ஐன்' எழுத்தை முதலில் வைத்து, ஒலி பிறக்கும் இடத்தின்படி சொற்களை அடுக்கினார்கள். பின்னாளில் இப்னு மன்ழூர் அவர்கள் தொகுத்த 'லிஸானுல் அரப்' அகராதியில் சொல்லின் பொருளோடு அது பயின்றுவரும் இறைவசனமோ நபிமொழியோ கவிதை அடியோ சேர்ந்தே வரும். அந்த எடுத்துக்காட்டுக்கு 'ஷாஹித்' என்று பெயர். ஷாஹித் என்றால் சாட்சி! ஒரு சொல்லுக்கு நாம் கூறும் பொருள் ஒரு வாதம் மட்டுமே. அந்தச் சொல் பயின்றுவரும் வாக்கியமே அதற்குச் சாட்சி. சாட்சியில்லாத வாதத்தை எந்தக் காழியும் ஏற்கமாட்டார் அல்லவா?

ஆங்கிலத்திலும் இதே வழக்கம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். 1755-ல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் இருக்கின்றன. ஆயினும் அது ஆங்கிலேயருக்கான அகராதி. ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்கும் நம்மைப் போன்றவர்களுக்கான அகராதி மிகவும் பிந்தித்தான் வந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹார்ன்பி என்பவர் தம் தோழர்களுடன் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளியாயிற்று. இன்று மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதிக்கு அதுவே மூலம். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்கப் பிள்ளைகள் எந்தச் சொற்களை முதலில் கற்றால் அதிகம் வாசிக்க முடியும் என்று ஆராய்ந்தார். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் இருந்தன. 1978-ல் வந்த லாங்மன் அகராதி, எல்லாச் சொற்களுக்கும் ஏறத்தாழ 2000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதியது. அதாவது அந்த இரண்டாயிரம் சொற்களை ஒருவர் அறிந்துகொண்டால், மற்றவற்றை ஆங்கிலத்தின் வழியாகவே கற்றுக்கொள்ளலாம். உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் தொகுத்தளித்தார். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அடுத்த படி அதுவே.

பட்டியல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கற்போர் அகராதி ஒன்றை வாங்கினேன். இருநூறு பக்க நோட்டு ஒன்றையும் வாங்கினேன். இஷாவுக்குப் பின் இருபது நிமிடம் என் மகளோடு அமர்வது என்று முடிவு செய்தோம். வாரத்துக்கு ஐந்து சொற்கள் மட்டுமே. ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து குறிப்புகள்: எளிய ஆங்கிலத்தில் அதன் விளக்கம், தமிழில் ஒரு சொல்லாக அன்றி ஒரு வாக்கியமாக அதன் கருத்து, அதனோடு சேர்ந்து வரும் சொற்கள், அகராதியிலிருந்து ஒரு சாட்சி வாக்கியம், இறுதியாக நம் வீட்டு வாழ்க்கையிலிருந்து நாமே அமைக்கும் ஒரு வாக்கியம். இந்த ஐந்தாவதுதான் மிகக் கடினம், மிகவும் பயனுள்ளதும் அதுவே.

சில சொற்களை உங்களுக்குக் காட்டுகிறேன்.

'ஃப்ரூகல்': பணத்தையும் பொருளையும் வீணாக்காமல் அளவோடு செலவிடுபவர். இது பாராட்டுச் சொல். 'ஸ்டிஞ்சி': கொடுக்க வேண்டிய இடத்திலும் கொடுக்க மனமில்லாதவர். இது பழிச்சொல். இரண்டையும் 'சிக்கனம்' என்று எழுதிவிட்டால் பெரும் பிழை நேரும். சூரத்துல் ஃபுர்கானில் நல்லடியார்களின் பண்பாகச் சொல்லப்படும் நடுநிலையான செலவு நினைவுக்கு வந்தது. என் மகள் எழுதிய வாக்கியம்: என் பாட்டி தமக்கு ஃப்ரூகல், ஏழைகளிடம் ஒருபோதும் ஸ்டிஞ்சி அல்லர்.

'டிஸ்இன்ட்ரஸ்டட்': தனக்கு எந்த ஆதாயமும் இல்லாததால் நடுநிலையோடு இருப்பவர். 'அன்இன்ட்ரஸ்டட்': ஆர்வமே இல்லாதவர். காழி டிஸ்இன்ட்ரஸ்டட் ஆக இருக்க வேண்டும். அன்இன்ட்ரஸ்டட் ஆக இருந்தால் வழக்கு நடக்கும்போது உறங்கிவிடுவார்!

'வெய்வ்': தனக்குரிய உரிமையையோ வரவேண்டிய தொகையையோ விரும்பி விட்டுக்கொடுத்தல். கையசைப்பதைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலி உடையது, எழுத்துத்தான் வேறு. கல்லூரி விண்ணப்பத்தில் 'ஃபீ வெய்வர்' என்று இருந்தால் கட்டண விலக்கு என்று பொருள். இதை அறியாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவரும் ஏழை மாணவர்கள் உண்டு. நாங்கள் எழுதிய வாக்கியம்: மனைவி தன் மஹரில் ஒரு பகுதியை மனமுவந்து வெய்வ் செய்யலாம். அவளைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை.

'மிட்டிகேட்': ஒரு தீங்கின் கடுமையைக் குறைத்தல். முற்றிலும் நீக்குதல் அன்று. இழப்பு, ஆபத்து, விளைவு ஆகிய சொற்களோடு சேர்ந்து வரும். மக்தபைச் சுற்றி நாங்கள் நட்ட வேப்ப மரங்கள் கோடையின் வெம்மையை மிட்டிகேட் செய்தன.

'சாங்ஷன்': இச்சொல் விந்தையானது. வங்கி கடனை சாங்ஷன் செய்தது என்றால் அனுமதித்தது என்று பொருள். ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தார்கள் என்றால் தண்டனையாகத் தடை விதித்தார்கள் என்று பொருள். ஒரே சொல் இரண்டு எதிர்த் திசைகளில் செல்கிறது. சாட்சி வாக்கியம் இல்லாமல் இதை எப்படி அறிவது?

'அக்யூட்', 'க்ரானிக்': மருத்துவத் தாள்களில் வருபவை. க்ரானிக் என்றதும் நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுவோர் பலர். அக்யூட் என்றால் திடீரென்று தோன்றியது, க்ரானிக் என்றால் நெடுநாளாக நீடிப்பது. காலத்தைக் குறிக்கும் சொல்லைக் கடுமையைக் குறிப்பதாக எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

சொல்லின் வேர் அறிவதும் துணை செய்கிறது. அரபியில் காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்திலிருந்து கிதாப், காதிப், மக்தப், மக்தூப் எனச் சொற்கள் கிளைப்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். ஆங்கிலத்தில் எழுதுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து டிஸ்க்ரைப், சப்ஸ்க்ரைப், ஸ்க்ரிப்ட், மேனுஸ்க்ரிப்ட் முதலியவை பிறந்துள்ளன. ஆனால் வேரை மட்டும் நம்பக் கூடாது. 'ப்ரிஸ்க்ரைப்' என்றால் மருந்து முதலியவற்றைப் பரிந்துரைத்தல். 'ப்ரோஸ்க்ரைப்' என்றால் தடை செய்தல். ஒரே வேர், எதிரெதிர்ப் பொருள். 'அன்ரிமார்க்கபிள்' விஷயத்தில் நான் சறுக்கியதும் இதே இடத்தில்தான். கால்குலஸ் என்ற சொல்லின் கதையையும் தேடிப் படித்தோம். லத்தீனில் அது சிறு கூழாங்கல். பண்டைக் காலத்தில் கூழாங்கற்களை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆகவே கணிதத்துக்கும் அப்பெயர், பித்தப்பைக் கல்லுக்கும் அப்பெயர். அன்றிரவு என் மகள் சொன்னதும் தவறில்லை, அறிக்கை சொன்னதும் தவறில்லை!

இந்தத் தேடலில் எங்களுக்கு மகிழ்ச்சி தந்த மற்றொன்று உண்டு. 'ஆல்ஜிப்ரா' என்பது ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் அறிஞர் குவாரிஸ்மி அவர்களின் நூற்பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல். 'அல்காரிதம்' என்பது அவருடைய பெயரே. 'ஸைஃபர்' என்பது வெறுமையைக் குறிக்கும் ஸிஃப்ர். 'அட்மிரல்' என்பதில் அமீர் இருக்கிறார். 'மேகஸின்' என்பதில் பண்டசாலைகளைக் குறிக்கும் மகாஸின் இருக்கிறது. 'டாரிஃப்' என்பதில் தஅரீஃப் இருக்கிறது. தமிழும் பின்தங்கவில்லை. 'கேட்டமரான்' என்பது நம் கட்டுமரம். 'செரூட்' என்பது நம் சுருட்டு. யாருக்கும் உரிய அந்நியப் பொருளாக எண்ணி ஆங்கிலத்துக்கு அஞ்சி நின்ற என் மாணவர்கள், இதைச் சொன்ன நாளில் தாமாகவே சொற்களைக் கேட்கத் தொடங்கினார்கள்.

கற்றதைக் காப்பது அடுத்த சிக்கல். ஜெர்மனியின் எப்பிங்ஹாஸ் 1885-லேயே தம் நினைவாற்றலைத் தாமே சோதித்து, புதிதாகக் கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறைகிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்றும் எழுதினார். 1972-ல் லைட்னர் என்பவர் அட்டைப் பெட்டி முறையைச் சொன்னார்: சரியாகச் சொன்ன சொல்லின் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதைப் பார்க்கும் இடைவெளியும் நீளும். தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். ஹிஃப்ழ் மதரஸாவில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. அன்றாடப் புதுப்பாடம் ஸபக், அண்மையில் ஓதியது ஸபக் பாரா, பழைய பாடம் ஆமூக்தா. பழையதை விட்டவனிடம் புதியதைக் கேட்கவே மாட்டார்கள். நாங்களும் அதே ஒழுங்கைக் கைக்கொண்டோம். எழுதிய சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று ஐந்து முறை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

இதில் எனக்கு உள்ளூர ஒரு கசப்பு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. மகளிடம் பாடம் கேட்பது எளிதாக இல்லை. ஒருநாள் பணம் பெற்றதற்குத் தரும் சீட்டை, எழுத்துப்படி 'ரிசிப்ட்' என்று வாசித்தேன். "அத்தா, அதுல 'பி' சத்தம் வராது. ரிசீட்னு சொல்லணும்" என்றாள். தஜ்வீதும் மக்ரஜும் கற்பிக்கும் என்னை ஒரு பதினாறு வயதுப் பெண் திருத்துகிறாளே என்று ஒரு கணம் முகம் சுருங்கிவிட்டது. அவள் உடனே அடங்கிவிட்டாள். அடுத்த இரண்டு நாள்கள் நான் தவறாகச் சொன்னதை எல்லாம் கேட்டும் கேளாதவள்போல் இருந்தாள். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. என் மாணவர்களில் எத்தனை பேர் என் முகம் சுருங்குவதைக் கண்டு கேள்வியை விழுங்கியிருப்பார்கள்! அன்றிரவு அவளிடம், "நான் தவறாகச் சொன்னால் நீ திருத்த வேண்டும். திருத்தாவிட்டால்தான் எனக்கு வருத்தம்" என்றேன். அதன் பிறகு நோட்டின் வலப்பக்க ஓரத்தில் சிவப்பு மையால் உச்சரிப்பு எழுதுவது அவள் பொறுப்பாயிற்று.

பிறமொழி கற்பது நம் மார்க்கத்துக்கு அயலானது அன்று. நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்ததும், அவர் அரை மாதத்துக்குள் கற்றுக்கொண்டதும் திர்மிதீயில் பதிவாகியுள்ளன. கடிதங்களை எழுதவும் வாசிக்கவும் நம்பகமான ஒருவர் தேவைப்பட்டார். நம் சமுதாயத்திலும் ஆங்கிலக் கல்வி பற்றி ஒரு காலத்தில் தயக்கம் இருந்தது உண்மை. ஆயினும் 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951-ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும் சென்னையில் நியூ காலேஜையும் எழுப்பிய பெரியோர்கள் அத்தயக்கத்தைக் கடந்தார்கள். அவர்கள் கட்டிய கட்டடத்துக்குள் நம் பிள்ளைகள் நுழைந்துவிட்டார்கள். மக்தபில் அவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் நாமும் அவர்கள் பேசும் மொழியைச் சிறிதேனும் அறிந்திருந்தால், அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் குறையாமல் இருக்கும்.

இன்று எங்கள் நோட்டு மூன்றாகிவிட்டது. ஏறத்தாழ எழுநூறு சொற்கள். அவற்றில் நானே பேச்சிலும் எழுத்திலும் தயக்கமின்றி ஆளக்கூடியவை பாதிகூட இருக்காது. மற்றவற்றைக் கண்டால் அடையாளம் தெரியும், அவ்வளவே. மூன்றாண்டு உழைப்புக்கு இது சிறிய தொகைதான். ஆனால் அந்த முந்நூறு சொல் மனனத்தில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது 'நொடோரியஸ்' ஒன்றுதான்!

மதரஸாவிலும் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். மாணவர்கள் அரபிச் சொல், தமிழ் விளக்கம், ஆங்கிலச் சொல், மூன்றிலும் ஒரு வாக்கியம் என்று எழுதுகிறார்கள். வீட்டில் செய்ய விரும்புவோருக்கு நான் சொல்வது இதுதான்: வாரம் ஐந்து சொற்களைத் தாண்டாதீர்கள். வாக்கியம் இல்லாமல் எந்தச் சொல்லையும் எழுதாதீர்கள். அந்த வாக்கியத்தில் உங்கள் வீடும் உங்கள் தெருவும் இருக்கட்டும். தாயும் தந்தையும் பிள்ளைகளோடு சேர்ந்து அமருங்கள். பிள்ளை திருத்தினால் முகம் சுருங்காதீர்கள். மருத்துவ அறிக்கையையோ சட்டப்பூர்வமான தாளையோ அகராதியை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், அத்துறை அறிந்தவரிடம் கேளுங்கள்.

தெருவில் இன்றும் தாள்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை, "இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்கிறேன். முதல் முறை அப்படிச் சொன்னபோது நாக்கு கூசியது. கேட்டவர் என்னை இழிவாகப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "பாருங்க ஹஜ்ரத், நான் காத்திருக்கேன்" என்றார்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சென்ற ஆண்டு வேறொரு காரணத்துக்காக மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. உறையை வாங்கி வந்து முற்றத்தில் அமர்ந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லீரல், கணையம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் நேரே அதே சொல்.

"என்னப்பா போட்டிருக்கு?"

"சொல்லும்படி ஒன்றுமில்லை என்று போட்டிருக்கிறது அம்மா. எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுவோம்."

அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த பாலைப் பார்க்க எழுந்து போனார்.

பயன் தரும் கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அல்லாஹ் அருள்வானாக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.